பால் பரிசோதனை: அமெரிக்காவில் மத்திய, மாநில அரசுகளின் கூட்டு ஏற்பாடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கறக்கப்படும் பால் இல்லினாய்ஸ் மாநிலத்திலுள்ள சிகாகோ நகரத்துக்குச் சென்று விற்பனையாகிறது. இவ்வாறு மாநில எல்லையைத் தாண்டும் பாலைச் சோதிக்க வேண்டியவர் யார்? கறந்த மாநிலத்தின் அதிகாரியா, குடிக்கும் மாநிலத்தின் அதிகாரியா, அல்லது மத்திய அரசா? ஒரு காலத்தில் இதற்கு விடை இல்லாமல், ஒரே பண்ணைக்கு நகரசபை அதிகாரி ஒருவரும், மாநில அதிகாரி ஒருவரும், பால் வாங்கும் பக்கத்து மாநிலத்தின் அதிகாரி ஒருவருமாக வந்துகொண்டிருந்தனர். ஒருவர் சரியென்றதை மற்றவர் தவறென்பார். பண்ணைக்காரருக்கு அலைச்சல் மிஞ்சியது. பால் குடிப்பவருக்கோ பாதுகாப்பு கூடவில்லை.

இன்று அந்நாட்டில் பண்ணையில் எடுக்கும் ஒரு சிறு குப்பிப் பாலை வைத்தே கிருமி, மருந்து, பூஞ்சாண நஞ்சு, பறவைக் காய்ச்சல் வரை அனைத்தையும் கண்டறிகின்றனர். அந்தக் குப்பியைக் கையாளும் வேலையை மாநில அரசும் மத்திய அரசும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் முறையைப் பால் உற்பத்தியாளர்கள் தெரிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

சட்டம் எழுதுவது ஒருவர், நடத்துவது மற்றவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டைபாய்டு, காசநோய், தொண்டை அடைப்பான் ஆகிய நோய்கள் பால் மூலம் பரவிவந்தன. மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பணித்துறை, அலபாமா மாநிலத்துக்கு உதவும் முயற்சியில் தொடங்கி, 1924-ஆம் ஆண்டில் பால் பற்றிய ஒரு முன்மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. இது எவர் மீதும் திணிக்கப்பட்ட சட்டமன்று. விரும்பும் மாநிலமும் நகரமும் இதைத் தம் சட்டமாக ஏற்றுக்கொள்ளலாம். ஏற்ற பிறகே அதற்கு வலிமை உண்டு.

1938-ஆம் ஆண்டில்கூட, உணவாலும் அசுத்தக் குடிநீராலும் உண்டான நோய்ப்பரவல்களில் நான்கில் ஒரு பங்கு பாலால் வந்தது. இன்று இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பதப்படுத்துதலும், பாலை உடனே குளிர்வித்தலும், இந்தச் சட்டமும் சேர்ந்து செய்த வேலை இது.

எனினும் மாநிலத்துக்கு மாநிலம் அதிகாரிகளிடையே நம்பிக்கை வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1950-ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் பல மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி, மாநிலங்களுக்கிடையே பால் அனுப்புதல் பற்றிய தேசிய மாநாட்டை ஏற்படுத்தினர. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது கூடுகிறது. சட்டத்தில் மாற்றம் வேண்டுமென்றால் இங்கு வாக்களிப்பவை மாநிலங்களே ஆகும். மத்திய உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வாக்கு கிடையாது. ஆனால் மாநாடு முடிவு செய்ததை அந்த நிர்வாகம் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். ஐம்பது மாநிலங்களும் இதில் சேர்ந்துள்ளன.

இதன் சாரம் யாதெனில், ஒரு மாநிலம் சோதித்துத் தேர்ச்சி அளித்த பாலை மற்ற மாநிலம் மறுபடி சோதிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே. அதற்கு ஈடாக, ஒவ்வொரு மாநிலமும் தன் சோதனையை மத்திய அரசு வந்து சரிபார்ப்பதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

குப்பி நிரம்பும் விதம்

அங்கு பண்ணைகளில் கறந்த பால் நேரே எஃகுக் குளிர்தொட்டிக்குச் செல்கிறது. கறவை தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் பால் 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர வேண்டும். கறந்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் 7 டிகிரிக்கு இறங்க வேண்டும்.

பாலை ஏற்ற வரும் டேங்கர் லாரி ஓட்டுநர் சாதாரண ஓட்டுநர் அல்லர். மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்று, மாநிலத்திடம் உரிமம் பெற்றவர். அவர் மாதிரி எடுக்கும் முறையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிகாரி நேரில் நின்று பார்ப்பார். அவர் முதலில் கை கழுவி, தொட்டியின் மூடியைத் திறந்து மணம் பார்க்கிறார், பாலின் நிறத்தைக் கவனிக்கிறார், வெப்பநிலையைக் குறிக்கிறார். அடுத்துத் தொட்டியிலுள்ள கலக்கியை ஓடவிடுகிறார். சிறிய தொட்டியானால் ஐந்து நிமிடமும் பெரியதானால் பத்து நிமிடமும் கலக்க வேண்டும் என்பது விதி. கொழுப்பு மேலே மிதக்கும் பாலில் மேலாக ஒரு கரண்டி எடுத்தால் அது மாதிரியே ஆகாது. பிறகு கிருமி நீக்கிய கரண்டியால் எடுத்துக் குப்பியில் முக்கால் அளவு மட்டும் நிரப்புகிறார். ஆய்வுக்கூடத்தில் மீண்டும் குலுக்குவதற்கு இடம் வேண்டுமல்லவா? குப்பியில் பண்ணையின் எண்ணை எழுதிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்த பிறகே பாலை டேங்கருக்கு ஏற்றத் தொடங்குகிறார்.

இந்த வரிசைதான் முக்கியம். முதலில் குப்பி, பிறகு டேங்கர். டேங்கரில் ஏறிவிட்ட பாலுக்கு ஊரும் பேரும் கிடையாது. குப்பியில் இருக்கும் பாலுக்கு உண்டு.

இதே குப்பியைக் கொண்டு பாலுக்கு விலை போடலாம். மருந்துச் சோதனை செய்யலாம். மாநில அதிகாரி எந்த நாளிலும் இதைக் கேட்டு வாங்கித் தம் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். எந்த நாளில் கேட்பார் என்பது பண்ணைக்காரருக்கும் தெரியாது, ஓட்டுநருக்கும் தெரியாது. ஆகையால் எல்லா நாளும் சோதனை நாளாகவே கழிகிறது.

ஆறு மாதத்தில் குறைந்தது நான்கு முறை ஒவ்வொரு பண்ணையின் பாலையும் மாநிலம் சோதிக்கிறது. பதப்படுத்தாத பாலில் மில்லிலிட்டருக்கு நுண்கிருமிகள் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. மடிவீக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் உடற்செல் எண்ணிக்கை ஏழரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. கடைசி நான்கு மாதிரிகளில் இரண்டு தவறினால் எழுத்து மூலம் எச்சரிக்கை. கடைசி ஐந்தில் மூன்று தவறினால் உரிமம் நிறுத்தம். ஒரே ஒரு தவறுக்காக எவரையும் தண்டிப்பதில்லை. மழை நாள், மின்தடை, ஒரு மாட்டின் நோய் ஆகியவற்றால் ஒருமுறை எண்ணிக்கை கூடிவிடலாம். திரும்பத் திரும்பக் கூடினால் அது பழக்கத்தின் குறை. இந்த வேறுபாட்டைச் சட்டமே ஒப்புக்கொண்டிருப்பது பாராட்டத்தக்கதாகும்.

ஒரு மாட்டின் மருந்து, ஒரு டேங்கர் பால்

மருந்து விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. மடிவீக்கத்துக்குப் பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த ஆன்டிபயாடிக் மருந்தை மடியில் ஏற்றினால், அது சில நாட்கள் பாலில் வந்துகொண்டிருக்கும். அந்தப் பாலைக் குடிக்கும் பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்குத் தீங்கு நேரலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் வழியுண்டு. பால் தொழிலுக்கும் இதில் நஷ்டம் உண்டு. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. பாலாடைக்கட்டியும் சரியாகப் பிடிக்காது.

1989-90-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பாலில் மருந்து எச்சம் இருப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்து, பெரும் சர்ச்சை எழுந்தது. அதையடுத்துத் தேசிய மாநாடு கூடித் தீர்மானித்தபடி, 1992 முதல் ஒவ்வொரு டேங்கரும் பாலை இறக்குமுன் பெனிசிலின் இன மருந்துகளுக்காகச் சோதிக்கப்படுகிறது. விரைவுச் சோதனையாதலால் சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். இதைச் செய்வது பால் ஆலை. ஆலை செய்வதைக் கண்காணிப்பது மாநிலம். எந்தச் சோதனை முறையைப் பயன்படுத்தலாம் என ஒப்புதல் அளிப்பதில் மத்திய நிர்வாகத்துக்குப் பங்குண்டு.

டேங்கரில் மருந்து இருப்பது உறுதியானால் அந்தப் பால் மனிதர் உணவுக்குப் பயன்படாது. எட்டுப் பண்ணைகளின் பால் ஏறியிருந்தால் எட்டு குப்பிகளையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றனர். எந்தக் குப்பியில் மருந்து தெரிகிறதோ, அந்தப் பண்ணைக்காரரே டேங்கர் முழுவதற்கும் பொறுப்பு. இருபதாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் டேங்கர்களும் உண்டு. அவ்வளவு பாலின் விலையும், அதை அப்புறப்படுத்தும் செலவும் அவர் தலையில் விழும். அடுத்த மாதிரி தூய்மையாக வரும்வரை அவர் பாலை யாரும் ஏற்றமாட்டார்கள். பன்னிரண்டு மாதத்தில் மூன்றாவது முறை அகப்பட்டால் உரிமத்தை ரத்து செய்யும் நடவடிக்கை தொடங்கும்.

இது கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் குப்பி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். யார் தவறு என்று தெரியாமல் எட்டுப் பேரும் நஷ்டத்தைப் பங்கிட வேண்டியிருக்கும். அல்லது எவரும் பொறுப்பேற்காமல் பால் கடைக்குப் போய்விடும். குற்றமற்ற ஏழு பேரைக் காப்பாற்றுவது அந்தக் குப்பியே ஆகும். இந்த ஏற்பாட்டின் பலன் எண்ணிக்கையிலும் தெரிகிறது. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் டேங்கரில் ஒன்று என்ற அளவை ஒட்டியே மருந்து அகப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இது பல மடங்கு அதிகமாக இருந்தது.

தவறுகள் நேரும் விதம் எந்த நாட்டு மாட்டுத் தொழுவத்துக்கும் பொதுவானது. மருந்து போட்ட மாட்டுக்கு அடையாளம் கட்டாமல் விடுவது, ஒருவர் மருந்து போட்டதை மற்றவருக்குச் சொல்லாமல் போவது, ஒரு காம்புக்கு மட்டும்தானே மருந்து என்று மற்ற மூன்று காம்புப் பாலைச் சேர்ப்பது, பால் வற்றியபோது போட்ட நீண்டநாள் மருந்தை மறந்துவிட்டு, மாடு முன்கூட்டியே ஈன்றதும் பாலை ஊற்றுவது ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். மருந்து போட்ட மாட்டின் காலில் சிவப்புப் பட்டை கட்டி, அதைக் கடைசியில் தனிப் பாத்திரத்தில் கறந்தாலே இவற்றில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சோதிப்பவரைச் சோதித்தல்

குப்பி சரியாக இருந்தும் அதைச் சோதிப்பவர் தவறினால் என்ன செய்வது? இங்குதான் மத்திய அரசின் பங்கு பெரிதாகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் பண்ணைகளையும் ஆலைகளையும் மதிப்பிட்டு மதிப்பெண் போடும் மாநில அலுவலர் உண்டு. தொண்ணூறு மதிப்பெண் பெற்றால்தான் வெளிமாநிலத்துக்கு அனுப்புவோர் பட்டியலில் இடம் கிடைக்கும். அவர் போட்ட மதிப்பெண் சரிதானா என்று மத்திய அலுவலர் சில இடங்களுக்குச் சென்று மறுமதிப்பீடு செய்வார். ஆய்வுக்கூடங்களுக்கும் இப்படியே. ஒரே பாலைப் பல குப்பிகளில் பிரித்து, அதில் என்ன கலந்துள்ளது என்று சொல்லாமல் நாடெங்கும் அனுப்புவார்கள். எல்லா ஆய்வுக்கூடங்களும் ஒரே விடை சொல்ல வேண்டும். மாறான விடை சொல்லும் ஆய்வுக்கூடம் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

2025 ஏப்ரலில், பெரும் ஆட்குறைப்பு நடந்த வேளையில், இந்தத் திறன் சோதனைத் திட்டத்தை மத்திய நிர்வாகம் நிறுத்திவைத்ததாகச் செய்தி வெளிவந்தது. அந்த ஆய்வுக்கூடத்தை மூடுவது முன்பே முடிவானது என்றும், வேலை வேறு ஆய்வுக்கூடத்துக்கு மாற்றப்படுகிறது என்றும் அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. பாலைச் சோதிப்பதே நின்றுவிட்டதாகப் பலர் அஞ்சினர். அது சரியன்று. ஆலைகளும் மாநிலங்களும் சோதித்துக்கொண்டுதான் இருந்தன. சோதிப்பவரைச் சோதிப்பதுதான் நின்றது. ஆயினும் அதைச் சிறு விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. முத்திரை போடாத தராசும் எடை காட்டத்தான் செய்யும். அந்த எடையை நம்பலாமா என்பதே கேள்வி.

பண்ணைக் குப்பிக்கும் எல்லை உண்டு. 1985-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் பகுதியில் பதப்படுத்திய பாலிலேயே சால்மோனெல்லா கிருமி சேர்ந்து, பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் உறுதிசெய்யப்பட்டது. அங்கு கேடு நேர்ந்தது ஆலையில். பதப்படுத்தும் கருவிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநில அலுவலர் சோதிப்பதும், ஆலையிலிருந்து வெளிவரும் பாலைத் தனியே மாதிரி எடுப்பதும் இதனால்தான் கட்டாயம்.

பறவைக் காய்ச்சல் வந்தபோது

2024 மார்ச்சில் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலங்களின் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியாயிற்று. மாடுகளில் இதை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பால் குறைந்தது, வந்த பாலும் சீம்பால்போல் கெட்டியாக இருந்தது. கிருமி மடியிலேயே பெருகியது. பண்ணைகளில் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் இறந்தன. கடைகளில் வாங்கிய 297 பால் பொருள் மாதிரிகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் கிருமியின் சிதைவுகள் தென்பட்டன. ஆனால் உயிருள்ள கிருமி ஒன்றிலும் இல்லை. பதப்படுத்துதல் தன் வேலையைச் செய்திருந்தது.

நோய் எந்தப் பண்ணையில் இருக்கிறது என்று அறிவதுதான் கடினமாயிற்று. மாநிலம் விட்டு மாநிலம் போகும் கறவை மாடுகளை மட்டும் கட்டாயமாகச் சோதிக்க ஏப்ரலில் மத்திய விவசாயத் துறை ஆணையிட்டது. மற்றபடி சோதனை அநேகமாகப் பண்ணைக்காரரின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தது. தன் மந்தைக்கு நோய் என்று தெரிந்தால் பால் போகுமோ என்ற அச்சத்தில் பலர் சோதிக்க முன்வரவில்லை. கொலராடோ மாநிலம் மட்டும் ஜூலையில் தொட்டிப் பாலை வாரந்தோறும் சோதிக்க வேண்டுமென்று தன் அதிகாரத்தில் ஆணையிட்டது.

டிசம்பர் 6-ஆம் தேதி தேசியப் பால் பரிசோதனைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கலிபோர்னியா, கொலராடோ, மிச்சிகன், மிசிசிப்பி, ஆரிகன், பென்சில்வேனியா ஆகிய ஆறு மாநிலங்களில் இது தொடங்கியது. இதில் புதிய கருவி ஏதுமில்லை என்பதே வியப்பு. ஆலையின் பெரிய சேமிப்புத் தொட்டியிலிருந்து, பதப்படுத்தும் முன், ஒரு மாதிரி எடுக்கின்றனர். பல பண்ணைகளின் பாலுக்கு அந்த ஒரு மாதிரி பதில் சொல்லிவிடும். அதில் கிருமி இல்லையென்றால் அத்தனை பண்ணைகளையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இருந்தால் எந்தெந்த டேங்கர், எந்தெந்தப் பண்ணை என்று பின்னோக்கிச் செல்லலாம். நெவாடா மாநிலத்தில் 2025 ஜனவரியில் இப்படித்தான் தொட்டி மாதிரியில் தொடங்கி மந்தைக்குச் சென்று, அதுவரை மாடுகளில் காணாத ஒரு புதிய வகைக் கிருமியையும் கண்டுபிடித்தனர். மாதிரி எடுப்பதிலும் பண்ணைகளைத் தேடுவதிலும் மாநிலக் கால்நடைத் துறை பங்குகொள்ளும். உறுதி செய்வது அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரிலுள்ள மத்திய கால்நடை ஆய்வுக்கூடம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து கலந்த பாலுக்குப் பண்ணைக்காரர் பணம் கட்டுகிறார். பறவைக் காய்ச்சலால் பால் குறைந்தவருக்கோ மத்திய அரசு நஷ்டஈடு தருகிறது. முன்னது கவனக்குறைவு, பின்னது விபத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தால், நோய் கண்டவர் மாதிரி கொடுக்கவே மறுத்திருப்பார். மார்ச்சில் தெரிந்த நோய்க்கு டிசம்பர் வரை காத்திருந்தது நெடுங்காலம்தான். குப்பிகளும் டேங்கர் கணக்குகளும் அதற்கு முன்பே இருந்தன. யார் கேட்கலாம், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா என்பதை முடிவு செய்யத்தான் ஒன்பது மாதம் பிடித்தது.

காய்ச்சினாலும் போகாத நஞ்சு

கிருமியைக் காய்ச்சி அழித்துவிடலாம். பூஞ்சாண நஞ்சான அஃப்ளாடாக்சின் அப்படியன்று. காய்ச்சினாலும் பதப்படுத்தினாலும் பாலில் நிற்கும். தீவனத்தில் வளரும் பூஞ்சாணம் உண்டாக்கும் இந்த நஞ்சில் ஒரு சிறு பங்கு, மாட்டின் உடலில் சற்று மாறிப் பாலுக்கு வருகிறது. 2012-ஆம் ஆண்டில் கடும் வறட்சியால் அமெரிக்க மக்காச்சோளத்தில் இது மிகுந்தது. உடனே அயோவா மாநிலம், தன் ஆலைகளுக்கு வரும் பாலை எல்லாம் இந்த நஞ்சுக்காகவும் சோதிக்க வேண்டுமென்று ஆணையிட்டது. எவ்வளவு இருக்கலாம் என்ற அளவு, அதாவது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், மத்திய அரசு வகுத்தது. எப்போது தேட வேண்டும் என்று தீர்மானித்தது மாநிலம். மழை பொய்த்தது மாநிலத்துக்குத்தானே முதலில் தெரியும்!

இந்தியாவிலும் பாலுக்கு இதே 0.5 மைக்ரோகிராம் அளவுதான். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அளவை வகுப்பது மத்திய ஆணையம். களத்தில் மாதிரி எடுப்பது மாநில உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள். அந்த ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. பலரும் பயந்த கலப்படம் பன்னிரண்டு மாதிரிகளில்தான் இருந்தது. ஆன்டிபயாடிக் 77 மாதிரிகளில் அளவை மீறியது. அஃப்ளாடாக்சினோ 368 மாதிரிகளில் மிகுந்திருந்தது. அவற்றில் 88 மாதிரிகள் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 551-ஐச் சேர்ந்தவை. எந்த மாநிலத்தைக் காட்டிலும் இது அதிகம்.

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர் சொசைட்டியில் ஊற்றும் பாலுக்குக் கொழுப்பும் இதரத் திடப்பொருளும் பார்த்து விலை போடப்படுகிறது. அதற்குப் பிறகு எல்லார் பாலும் ஒன்றாகிவிடுகிறது. நஞ்சு யார் வீட்டுத் தீவனத்திலிருந்து வந்தது என்று பின்னோக்கிச் செல்வது இங்கு எளிதன்று. ஆகவே தீவனத்தைக் காப்பதே கைவசமுள்ள வழியாகும்.

மக்காச்சோளத்தை ஈரப்பதம் 12 சதத்துக்கு மேற்படாதவாறு காயவைத்துச் சேமிக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு மூட்டைகளைத் தரையில் போடாமல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பல மாதத் தேவையை ஒருசேர வாங்கிக் குவிப்பது நல்லதன்று. பூஞ்சாணம் படிந்த, கட்டிதட்டிய, மக்கல் வாடை வீசும் பிண்ணாக்கை மேலாகத் தட்டிவிட்டு மாட்டுக்குப் போடுவது பலரிடமும் உள்ள பழக்கம். பூஞ்சாணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு உள்ளே ஊறியிருக்கும். ஊறவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் முற்றிலும் நீங்காது. கறவை மாட்டுத் தீவனத்தில் இந்த நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஐயம் இருந்தால் மூட்டையின் ஒரே இடத்திலிருந்து எடுக்காமல், பல மூட்டைகளின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டும். பூஞ்சாணம் மூட்டை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை.

கெட்ட தீவனம் தின்ற ஒரு நாளுக்குள்ளேயே நஞ்சு பாலில் தென்படும். தீவனத்தை மாற்றிய மூன்று நான்கு நாட்களில் பெரும்பாலும் மறைந்துவிடும்.